உள்ளதைச் சொன்ன தெரு

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே சாரல். மலை கண்ணுக்கே தெரியவில்லை. இந்த ஈரத்தில் டப்பாவைத் திறந்தால் ஏலக்காய் நமுத்துவிடும். மாலை கட்டும் வேலை இன்று இல்லை. பேப்பர் சேர்க்கும் சோலி மட்டும்.

நாளை பேங்குக்குக் கொண்டுபோக:
– பான் கார்டு நகல் 2
– ஆதார் நகல் 2, பின்பக்கமும் வேண்டுமாம்
– உத்யம் சான்று (சிறுதொழில் பதிவு)
– வீட்டு வாடகை ஒப்பந்தம் (முன்னறைதானே கடை)
– போட்டோ 3. எல்லாவற்றிலும் முறைக்கிறேன்
– பலகையோடு சேர்த்துக் கடையை எடுத்த போட்டோ
– ரப்பர் ஸ்டாம்ப்

ரப்பர் ஸ்டாம்ப்பில் ஒரு கூத்து. 'கௌசி ஏலக்காய் மாலை' என்று எழுதிக் கொடுத்தேன். செய்து வந்தது 'கௌசி ஏலக்காய் மா'. இட்லிமாவுக்காரி என்று நினைக்கமாட்டானா பேங்க்காரன்? கடைக்காரரை நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் புதிது கொடுத்தார்.

கௌசி நாளைக்குக் காலேஜுக்கு லீவு. பி.காம். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் அம்மாவுக்கு ஆடிட்டர் ஆகிவிட்டாள். பலகையில் தன் பேர் இருக்கிறதல்லவா, மேடத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பதினைந்தாம் தேதிக்குள் கரன்ட் அக்கவுன்ட் நம்பர் கோயம்புத்தூர்க் கல்யாணக் கான்ட்ராக்ட்காரர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். கறாராகச் சொல்லிவிட்டார்கள். கார்த்திகைக் கல்யாணங்களுக்கு நாற்பது ஏலக்காய் மாலை. கடை பேரில் கணக்கு இருந்தால்தான் ஆர்டர், என் சொந்தக் கணக்கு ஆகாதாம். தேதி தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். ஏலக்காய்க் கிட்டங்கி வேலையையும் போன மாதம் விட்டாயிற்று. இருபது வருடம் அடுத்தவன் காயைப் பொறுக்கினது போதும் என்று மேஸ்திரியிடம் வாய்விட்டு வேறு சொல்லிவிட்டு வந்தேன். திரும்பிப் போனால் அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. டோக்கன் 31. எங்களுக்கு முன்னால் ஒரு ராசிங்காபுரத்துப் பெரியவர், பாஸ்புக்கை மஞ்சள் பைக்குள் வைத்து அந்தப் பையை இன்னொரு மஞ்சள் பைக்குள் வைத்திருந்தார்.

படிவம் பதினொரு பக்கம். முழுக்க இங்கிலீஷ். என் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பஸ் போர்டுக்குத்தான் காணும். கௌ. எழுதினாள். பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்தாள், அந்த இடத்தில் எல்லாம் நான் கையெழுத்து. இருபத்திரண்டு கையெழுத்து. கடைசியில் முருகேஸ்வரி 'முருகேசரி' ஆகிவிட்டேன்.

பக்கத்துக் கவுன்டர் பெண்ணுக்கு எங்கள் அடுத்த தெரு. காது முழுக்க எங்கள் பக்கம்தான்.

கௌ. தலையை நிமிர்த்தாமல் கேட்டாள், அப்பா தொழில் என்ன போட என்று. எஸ்டேட் சூப்பர்வைசர் என்றேன், கவுன்டர்ப் பெண்ணுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. நாமினி யார் என்றாள். அப்பா பேரையே போடு என்றேன். என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் எழுதினாள்.

எஸ்டேட்டும் இல்லை, சூப்பர்வைசரும் இல்லை. உண்மையை இந்த நோட்டில் மட்டும்தான் எழுதுகிறேன். அவர் போய் எட்டு வருடம். மலையில் வேலை என்று போனார். மாதம் ஒருமுறை இறங்கினார், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஒரே ஒரு போன். என்னைத் தேடாதே. நம்பரும் அத்தோடு செத்தது. எங்கே, யாரோடு, ஒன்றும் தெரியாது. கௌ.வுக்கு அப்போது பத்து வயது. அப்பாவுக்கு ஏலப்பாறை எஸ்டேட்டில் பெரிய வேலை, லீவு தரமாட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். தெருவுக்கும் அதே. ஏலப்பாறை என்று யோசித்துத்தான் வைத்தேன். எங்கள் ஊர் ஜீப்பு எதுவும் அங்கே போகாது, குமுளி சுற்றிப் போக வேண்டும். பார்த்தேன் என்றோ காணோம் என்றோ யாரும் வந்து சொல்ல முடியாது. தீபாவளிக்குத் தீபாவளி ஆம்பளைச் சட்டை ஒன்று எடுப்பேன். நாலு பேர் காதில் விழ, மலைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பேன். எட்டுச் சட்டை டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. எட்டு வருடத்தில் ஒரு இடத்தில்கூட நான் தடுமாறவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

நேரில் வந்து கடையைப் பார்ப்பார்களாம். எப்போது என்று சொல்லமாட்டார்களாம்.

நவம்பர் 6, வியாழன்

காலையில் வெயில், மத்தியானம் மழை. மூன்று மாலை முடிந்தது. காயை ஈரத்துணியில் சுற்றி வைத்து எடுத்தால் ஊசி ஏறும்போது வெடிக்கவில்லை. ஆனால் ரொம்ப நேரம் வைத்தால் பச்சை நிறம் போகிறது. அரை மணி போதும்.

வாங்க: ஜரிகை நூல், முத்து (வெள்ளை, சிறியது), 9ஆம் நம்பர் ஊசி, கௌ.வுக்குக் குடை.

பலகையைக் கட்ட எதிர்வீட்டு அழகர் அண்ணன் ஏணி கொண்டுவந்தார். பூப்பாறைப் பக்கத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு அவருடையது. விடிகாலை போனால் பொழுது சாயத்தான் இறங்குவார். இன்று தோட்டத்தில் வேலை இல்லை. ஆணி அடித்துக்கொண்டே வழக்கம்போல் விசாரிப்பு, மாப்ளே போன் பண்ணாரா என்று. சிக்னல் இல்லையாம்ணே என்றேன். ஆமா, அங்கிட்டு சிக்னல் கஷ்டம்தான் என்றார். நல்ல மனிதர், எதைச் சொன்னாலும் நம்புவார்.

பேங்க்காரர் வரவில்லை. சாயங்காலம் ஓடிப்போய் ஊசி மட்டும் வாங்கி வந்தேன், ஜரிகையும் முத்தும் வாங்க நாளைக்குப் போக வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

போச்சு.

கடைவீதியில் முத்துச் சரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது போனில் இங்கிலீஷில் மெசேஜ். கௌ. காலேஜில். பாத்திரக்கடைப் பெண்ணிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன். 'உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்றாள். எனக்கு என்று இல்லாமல் யாருக்கோ வந்தது என்று நினைத்து மறுபடியும் படிக்கச் சொன்னேன். மறுபடியும் அதே.

பேங்குக்கு ஓட்டம். மேனேஜர் ஒரு அம்மா, திருநெல்வேலிப் பக்கப் பேச்சு, நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். நேற்று சாயங்காலமே ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், நான் ஊசி வாங்கப் போன அரை மணி நேரத்தில். பலகை இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. குடும்பத்தோடு மலைக்குப் போய்விட்டார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாது, இது அக்கம்பக்கத்தார் கொடுத்த தகவல்.

நான் இங்கேதானே நிற்கிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். யார் சொன்னது என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் ஒரு பெண், இட்லிக் கடை வைத்திருக்கிறவர் என்றார்.

ராணியக்கா!

வந்த வேகத்தில் அவள் வாசலில் நின்று கத்தினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "பையை மாட்டிக்கிட்டு ஒருத்தன் வந்து முருகேஸ்வரி யாருன்னு கேட்டா நான் வேற என்னத்தச் சொல்லுவேன்? மலைக்குப் போயிருச்சுன்னேன். நீ எனக்குச் சொன்னதே இல்லையா?"

அதற்குமேல் என்ன பேச? தெருவின் பழக்கம் அப்படி. பை மாட்டிய புது ஆள் வந்து எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் ஒரே பதில், மலைக்குப் போயிருக்கு. குழுக்கடன் வசூல்காரர்களுக்காக ஆரம்பித்தது. இப்போது கேபிள்காரர், கணக்கெடுக்க வரும் டீச்சர், எல்லாருக்கும் அதுதான். கேட்கிறவர்களும் நம்புவார்கள், பாதித் தெரு நிஜமாகவே தினமும் மலையில்தான் இருக்கிறது. ராணியக்காவையே நான் இரண்டு தடவை மலைக்கு அனுப்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் உள்ளே கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

மறுபடியும் பேங்குக்குப் போய்க் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்ச வராது, இன்று வந்தது. இன்னொரு தடவை ஆள் அனுப்புகிறேன், திங்களோ செவ்வாயோ வருவார், இதுவும் தவறினால் என் கையில் இல்லை என்றார் மேனேஜர்.

இன்று சாப்பாடு இறங்கவில்லை. பதினைந்துக்கு எட்டு நாள்.

நவம்பர் 8, சனி

இரண்டாம் சனி. பேங்க் லீவு. சாரல் விட்டு விட்டு.

வீடு வீடாகப் போனேன். பதினோரு வீடு. பேங்கிலிருந்து ஆள் வரும், தயவுசெய்து யாரும் என்னை மலைக்கு அனுப்பிவிட வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும். சின்னப் பிள்ளைகளிடமும் சொன்னேன்.

ராணியக்கா மாவாட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "உள்ளதையா?"

"ஆமாக்கா."

"உள்ளதை உள்ளபடியேவா? எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாமச் சொல்லு. நீ ஒரு வார்த்தை மறைச்சாலும் கேடு எனக்குத்தான்."

கையில் ஒட்டியிருந்த மாவை வழித்துப் போட்டாள். அப்புறம் "சரித்தா" என்று கிரைண்டரைப் போட்டாள். ஒரு சின்ன விஷயம் மண்டையில் ஏற இவ்வளவு நேரமா இவளுக்கு.

அழகர் அண்ணனும் அப்படித்தான். நீ சொன்னாச் சரிதான் தங்கச்சி என்று சொல்லிவிட்டு, கழுவி முடித்த ஜீப்பை மறுபடியும் கழுவினார்.

நவம்பர் 11, செவ்வாய்

வந்துவிட்டார்! பத்தே முக்காலுக்கு. தேனிக்காரர், வழுக்கை, கையில் குடை, தோளில் அதே பை. நேற்று முழுக்க வாசலைத் தாண்டாமல் காத்திருந்தேன். இன்றும் குளிக்கக்கூட யோசனைதான்.

மாலைகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகர்ந்தார். பலகையோடு என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார். வீட்டில் யார் யார் என்று கேட்டதற்கு, நான், மகள், வீட்டுக்காரர் மலையில் என்றேன். எழுதிக்கொண்டார்.

பிறகு அக்கம்பக்கம் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ராணியக்கா அவருக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, கால் மணி நேரம் பேசினாள். நடுவில் மலைப் பக்கம் கையைக் காட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நடிப்பு கொஞ்சம் ஜாஸ்திதான் என்று நினைத்தேன். வண்டி ரிப்பேர் என்று வீட்டில் இருந்த அழகர் அண்ணனும் போய் நின்று என்னவோ சொன்னார். மூன்றாவது வீட்டு அம்மாவும்.

போகும்போது அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். பேங்க்காரர்கள் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. நல்ல சகுனம்.

ராணியக்காவுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், தலையில் வைக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

இன்று நோட்டை இரண்டு தடவை திறந்து மூடினேன்.

காலையில் பேங்கிலிருந்து போன், நேரில் வாருங்கள் என்று. கௌ.வையும் கூட்டிப் போனேன். மேனேஜர் அம்மா அறைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

வந்துபோனவரின் ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது, அவர் தமிழில் சொன்னார். தொழில் நடக்கிறது, பொருள் தரமாக இருக்கிறது. அதுவரைக்கும் சரி. அப்புறம், மனுதாரரின் கணவர் எட்டு வருடமாக இவருடன் இல்லை. பூப்பாறை அருகில் வேறு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார். அக்கம்பக்கத்தார் மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னது. மனுதாரர் யாரையும் நம்பாமல் உழைத்து மகளைப் படிக்கவைக்கிறார், நாணயமானவர், தெருவில் எல்லாரும் இவருக்காக ஜாமீன் நிற்பார்கள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பொய் என்றேன். எங்கள் வீட்டுக்காரர் ஏலப்பாறையில் சூப்பர்வைசர் என்றேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லியது. மேனேஜர் அம்மா தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். அப்போதுதான் உறைத்தது. பூப்பாறை. நான் எட்டு வருடமாக எர்ணாகுளம், திருப்பூர், பெங்களூர் என்று எங்கெங்கோ நினைத்துக்கொண்டிருந்தேன். பூப்பாறைக்கு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். இரண்டு மணி நேரம்கூட இல்லை. இது தெருவுக்கே தெரியும். எனக்குத் தெரியாது.

கௌ. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை இதை இப்படியா கேட்க வேண்டும் என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதிரவில்லை.

மேனேஜர் அம்மா சொன்னது: "வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனா கணக்குத் தொடங்கக் கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்லம்மா. ஆனா கையெழுத்துப் போட்ட பேப்பர்ல இல்லாதது இருக்கக் கூடாது. தப்பை அடிச்சிட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. நான் இன்னைக்கே அனுப்புதேன்."

படிவத்தைத் திருப்பினார். கணவர் தொழில், அடித்தேன், கையெழுத்து. நாமினிப் பக்கம் வந்தது. அவர் விரலை வைத்து, இங்கே விலாசம் பூப்பாறை என்று நீங்களே சரியாகத்தானே எழுதியிருக்கிறீர்கள் என்றார்.

நான் எழுதவில்லை. எழுதியது கௌ. அவளுடைய சாய்வெழுத்து. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எழுத்துக்கூட்டத் தெரியும். அவர் பேர். அதற்குக் கீழே ஒரு பொம்பளை பேர், மலையாளப் பேர். டீக்கடை. போஸ்டாபீஸ். பின்கோடு ஆறு எண்ணும் இருந்தது.

"நாமினி விலாசம் கட்டாயம்னு போட்டிருந்துச்சும்மா" என்றாள் கௌ. "தெரிஞ்சதை எழுதினேன்."

என் புருஷன் எங்கே இருக்கிறார் என்று பேங்க் படிவத்தைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன்.

அவர் பேரை அடித்தேன். விலாசத்தை அடித்தேன். இரண்டு இடத்தில் கையெழுத்து. நாமினி கௌசல்யா, மகள். அதை நானே எழுதினேன், தமிழில். மேனேஜர் அம்மா பரவாயில்லை என்று விட்டுவிட்டார்.

வீடு வரை நான் முன்னால், அவள் பின்னால்.

நவம்பர் 13, வியாழன்

மழை கொட்டுகிறது. வெளியே போக முகம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு மாலை கட்டினேன். ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை, நாலு காய் வெடித்தது, நூல் அறுந்தது.

எட்டு வருடமாக இந்தத் தெருவில் என்ன கூத்து ஆடியிருக்கிறேன்! லீவு கிடைக்கவில்லை என்றேன். புரமோஷன் என்றேன். போன வருடம் அவருக்கு மஞ்சள்காமாலை என்றுகூடச் சொன்னேன், கீழாநெல்லி கொண்டா என்று ராணியக்காவைத் தோட்டத்துக்கு அனுப்பினேன். போய்ப் பறித்து வந்தாளே பாவி! தெரிந்துகொண்டே பறித்து வந்தாளே! அந்தக் கீழாநெல்லியை என்ன செய்வது என்று தெரியாமல் நான் சாக்கடையில் போட்டேன்.

பதினோரு மணிக்கு ராணியக்கா தானாக வந்தாள். நான் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலில் நின்றே பேசினாள். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் மாதத்திலேயே என்றாள். அழகர் பார்த்து வந்து சொன்னாராம். பிறகு ஏன் வாரத்துக்கு ஒரு தடவை அவரைப் பற்றி விசாரித்தீர்கள், என்னை வைத்துச் சிரிக்கவா என்று கேட்டேன். கொஞ்சம் அசிங்கமாகவும் ஒன்று சொன்னேன், அதை எழுதவில்லை.

அவள் கோபப்படவில்லை. "விசாரிக்காம விட்டா எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நீ கண்டுபிடிச்சிருவேல்ல" என்றாள். "எங்களுக்குத் தெரியும்ங்கிறது உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இம்புட்டு நாளும் பாத்துக்கிட்டோம். நீதான் சொல்லச் சொன்னே. ரெண்டு தடவை கேட்டேனேத்தா."

கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள்.

பொழுது சாய்ந்ததும் அழகர் அண்ணன் ஜீப்பை நிறுத்திவிட்டு நேரே வந்தார். நனைந்த சட்டையோடு வாசல்படியில் நின்றார், உள்ளே வரமாட்டேன் என்றார். அந்த டீக்கடை ரோட்டுமேலேயே இருக்கிறதாம். எட்டு வருடமாகத் தினம் இரண்டு தடவை அதைத் தாண்டித்தான் அவர் வண்டி போகிறது. நம்ம ஆட்கள் யாரும் அங்கே டீ குடிக்க இறங்குவதில்லை, வண்டியை நிறுத்தச் சொன்னதும் இல்லை என்றார். ஒரு ஜீப்புக்குப் பன்னிரண்டு பேர். நான் ஒன்றும் கேட்காமலே அடுத்ததையும் சொன்னார். கௌசி பத்தாம் வகுப்பு படிக்கும்போது அவரிடம் வந்து விலாசம் கேட்டிருக்கிறாள். தரமாட்டேன் என்றதற்கு, ஜீப்பில் ஏறி நானே போய்ப் பார்ப்பேன் என்றாளாம். அதனால் எழுதிக் கொடுத்தாராம், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

என் வீட்டிலும் எனக்குத் தெரியக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கௌ. சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

கணக்கு திறந்தாயிற்று. காலை 11.20க்கு மெசேஜ். நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். கௌசி ஏலக்காய் மாலை, கரன்ட் அக்கவுன்ட். செக் புத்தகம் தபாலில் வருமாம். கோயம்புத்தூருக்கு நம்பர் அனுப்பியாயிற்று. பத்து நிமிடத்தில் அவர்கள் பக்கமிருந்து போன், ஆர்டர் உறுதி, வெரசாக அனுப்பச் சொல்கிறார்கள். ஒரு நாள் மிச்சம் இருக்கும்போதே.

சந்தோஷப்பட வேண்டும். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மேஸ்திரி ஞாபகம் வந்தது, கொஞ்சம் சிரித்தேன்.

செய்ய வேண்டியவை:
– காய் இன்னும் 6 கிலோ, ஒரே அளவாக
– அட்டைப்பெட்டி
– ராணியக்கா இரண்டு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறாள், மாலை கட்டக் கூப்பிட வேண்டும் (நானாகப் போய்க் கேட்க வேண்டும், நேற்று சொன்னதற்கும் சேர்த்து)
– மேனேஜர் அம்மாவுக்கு ஒரு சின்ன மாலை

கௌ. காலேஜ் விட்டு வந்ததும் மெசேஜைக் காட்டினேன். இரண்டு நாளைக்கு அப்புறம் முதல் பேச்சு. துள்ளினாள். அப்புறம் கேட்டேன், விலாசத்தை வைத்து என்ன செய்தாய், போய்ப் பார்த்தாயா என்று. போகவில்லை என்றாள். ஒரே ஒரு கடுதாசி போட்டாளாம். இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால். அப்போது அந்தப் பொம்பளை அவரை வெளியே அனுப்பிவிட்டதாம். தீபாவளிக்கு இறங்கி வீட்டுக்கே வந்துவிடுகிறேன், அம்மாவிடம் சொல்லிவை என்று அழகர் அண்ணன் மூலமாக இவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னிடம் சொல்லச் சொல்லி, இவளிடம்.

என்ன எழுதினாய் என்று கேட்டேன். மனப்பாடமாகச் சொன்னாள். "நீங்க வர வேணாம். இங்க எல்லார் கணக்குலயும் நீங்க ஏலப்பாறையில நல்ல வேலையில இருக்கீங்க. அம்மா அப்படித்தான் வச்சிருக்காங்க. வந்து அதைக் கெடுத்துறாதீங்க."

அவர் வரவில்லை. அப்புறம் அந்தப் பொம்பளையே மறுபடியும் சேர்த்துக்கொண்டதாம்.

கை ஓங்கிவிட்டேன். பதினெட்டு வயதுப் பிள்ளை, நகரவில்லை, அப்படியே நின்றாள். நானே இறக்கிக்கொண்டேன். யாரைக் கேட்டுடி எழுதினே என்றேன். என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"உன்னையக் கேட்டா நீ வரச் சொல்லியிருப்பேம்மா."

அவள் பையை வைத்துவிட்டு, கை கழுவி வந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள்.

சொல்லியிருப்பேன். வாசலில் வந்து நின்றிருந்தால் இலை போட்டுச் சோறு வைத்திருப்பேன். மறுநாள் காலையில் ராணியக்காவிடம் போய், ஒரு வழியாக அவருக்கு லீவு கிடைத்துவிட்டது என்று சொல்லியிருப்பேன்.